சவுக்காரத் தாள்ல நிக்கிறது எங்கக்கா

பொம்மக்கா! ஏ பொம்மக்கா!

தெருவுல எல்லாரும் உன்னை இப்படித்தானே கூப்பிட்டாங்க. கேலிக்குத்தான் ஆரம்பிச்சாங்க. நீ இடுப்புல கை வச்சுத் திரும்பி, "என்னா வேணும்?"னு சிரிச்சுக்கிட்டே கேட்டதுல கேலி செத்துப்போச்சு, பேரு மட்டும் நின்னுக்கிச்சு. உன் சொந்தப் பேரை நான் சொல்ல மாட்டேன். இருந்தப்பவே சொன்னதில்ல, சொன்னா மண்டையில குட்டுவ. இப்ப வாய் வலிக்கக் கூப்பிடுறேன். குட்டவாவது வர்றியா, அதுவும் இல்ல.

நீ போயி ஒரு மாசம் தாண்டிப் போச்சு. முந்தாநாள் மொளகா வாங்கக் கடைக்குப் போனேன், கடைக்கார முஸ்லிம் பெரியவரை நாங்க நானான்னுதான் கூப்பிடுவோம். புதுசா குடிவந்த ஒரு அம்மா துணி துவைக்கிற சவுக்காரக் கட்டியக் கையில வச்சுக்கிட்டு, "இந்தத் தாள்ல நிக்கிறது யாரு, நானா?"ன்னு கடைக்காரரைக் கேட்டாங்க. அவரு கொஞ்சம்கூட யோசிக்கல. "அதுவா, சவுக்காரக் கொட்டகை முதலாளி கனவுல வந்த அம்மன்மா. என் படத்தைப் போட்டு வித்தா நீ நல்லா இருப்பேன்னு சொல்லிட்டு மறைஞ்சிருச்சாம்"னாரு.

நான் பக்கத்துலதான் நின்னேன். "நானா, அது எங்கக்கா"ன்னேன்.

"எல்லாருக்கும் அக்காதாம்மா"ன்னு சொல்லிட்டு மொளகாயப் பொட்டலம் கட்டுனாரு.

திண்டுல உக்காந்திருந்த ஒரு ஆளு, "அம்மன் எங்க வந்துச்சு? சிங்கப்பூர்ல ஆடுற கூத்துக்காரி படமுன்னுல்ல சொன்னாங்க"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க.

அம்மனும் இல்ல, கூத்துக்காரியும் இல்ல. அது எங்கக்கா. நான் மூணாம் வகுப்போட நின்னவ, எழுத்துக்கூட்டித்தான் எழுதுறேன். ஆனா அந்தப் படம் பொறந்த அன்னிக்கு அந்த இடத்துல நின்னவ நான். கடைக்கார நானாவும் நிக்கல, திண்டுல உக்காந்த ஆளும் நிக்கல. அதனால நான் சொல்றதைக் கேளுங்க.

எங்கப்பா ரயில் ரோடு போடுற வேலையில இருந்தாரு. நான் நடக்கப் பழகுறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. அதுக்கப்புறம் அம்மா, அக்கா, நான் மூணு பேரும் பிரிக்ஃபீல்ட்ஸ்ல எங்க பெரியப்பா இருந்த ரயில்வே லயத்து வரிசை வீட்டுல, பின்கட்டு ரூம்புல ஒண்டிக்கிட்டோம். பெரியப்பா கெட்டவருன்னு நான் சொல்ல மாட்டேன். சோறு போட்டாரு. ஆனா போட்ட சோத்தை மறக்க விட மாட்டாரு.

அக்காவைக் கிள்ளான்ல கட்டிக் குடுத்தாங்க. மச்சான் துறைமுகத்துல மூட்டை தூக்குறவரு. நல்ல மனுசன், எனக்கு வர்றப்பெல்லாம் கச்சான் கடலை வாங்கிட்டு வருவாரு. ஒன்றரை வருசத்துல குளிர்க்காய்ச்சல் வந்து செத்துப்போயிட்டாரு. அக்காவுக்கு அப்ப பத்தொன்பது வயசு.

பதினாறாம் நாள் என்ன செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியும். கடைசி தடவையா அக்காவுக்குக் கை நிறைய வளையல் போட்டாங்க, தலை நிறைய பூ வச்சாங்க, நெத்தியில பெருசா குங்குமம் வச்சாங்க. அப்புறம் எல்லாத்தையும் எடுத்தாங்க. பொட்டை அழிக்க ஒரு செம்புத் தண்ணி. தலையைப் பிடிச்சுக்கிட்டது யாரோ பொம்பளைங்க. தண்ணி ஊத்துனது எங்கம்மா. அம்மாதான் ஊத்தணும்னு சொன்னாங்க, ஊத்துச்சு. குங்குமம் கரைஞ்சு அக்கா மூக்கு வழியா ஓடுனது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. அன்னிக்கு அக்கா அழல. "தண்ணி சில்லுன்னு இருக்கு"ன்னு மட்டும் சொல்லுச்சு.

அந்தச் செம்பும் அக்காவும் ஒரே ரயில்ல பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சேந்தாங்க. அதுக்கப்புறம் எங்கக்கா கண்ணாடி பாக்கல. ரூம்புல ஒரு கண்ணாடிதான், ஆணியில தொங்கும். அக்கா அந்தப் பக்கமே திரும்பாது. குனிஞ்ச தலையோடவே தலையை முடிஞ்சுக்கும்.

வீட்டுல உக்காந்திருந்தா பெரியப்பா பேச்சு காதுல விழுமேன்னு ஆத்தோரம் இருந்த சவுக்காரக் கொட்டகைக்கு வேலைக்குப் போச்சு. அடுத்த வருசம் நானும் போனேன். முதலாளி சீனர், நாங்க தவுக்கேன்னுதான் கூப்பிடுவோம். கிள்ளான் பக்கத்துலேருந்து தேங்காயெண்ணெய் தகரத்துல வந்து இறங்கும். பெரிய இரும்புக் கொப்பரையில எண்ணெயும் காரச்சோடாவும் போட்டுக் காய்ச்சணும். காய்ச்சுறது அக்கா. இறுகுனதைக் கம்பி வச்சுக் கட்டியா அறுக்குறது நானும் இன்னும் நாலு பொம்பளைங்களும்.

பதம் பாக்குறதுல எங்கக்காவ மிஞ்ச ஆளில்ல. துடுப்புல ஒட்டுனதை ஆற வச்சு நாக்கு நுனியில தொட்டுப் பாக்கும். சுருக்குன்னு கடிச்சா காரம் போகல, இன்னும் காய்ச்சணும். கடிக்கலன்னா இறக்கலாம். "கொழம்புல உப்புப் பாக்குறவ மாதிரி சவுக்காரத்த உப்புப் பாக்குறாடி"ன்னு பொம்பளைங்க சிரிப்பாங்க. ஒரு நாளு கொப்பரை பொங்கி, காரத்தண்ணி அக்கா வலது முழங்கைக்குக் கீழ தெறிச்சிருச்சு. புளியங்கொட்டை அளவுக்கு வெளுத்துப்போயி ஒரு தழும்பு. அதை மறந்துடாதீங்க, அப்புறம் சொல்றேன்.

அப்ப எங்க சவுக்காரத்துக்குத் தாளும் கிடையாது, படமும் கிடையாது. வெறும் மஞ்சக் கட்டி. கடையில போயி, "அந்த மஞ்சக் கட்டி குடுங்க"ன்னு கேப்பாங்க. தவுக்கேக்கு ஒரு படம் போட்டு விக்கணும்னு ஆசை. போர்டு எழுதுற ஒரு சீனக் கிழவரைக் கூட்டிட்டு வந்தாரு. ஒல்லியா, மூக்குக்கண்ணாடிய நூல் போட்டுக் காதுல கட்டியிருப்பாரு. அவரு ஒரு வாரமா கொட்டகையில உக்காந்து வரைஞ்சாரு. புலி வரைஞ்சாரு. நிலா வரைஞ்சாரு. நண்டு, கப்பல், கொக்கு. எதைக் காட்டினாலும் தவுக்கே, "இருக்கு லா, இதுவும் இருக்கு லா"ன்னு தலையில அடிச்சுக்குவாரு. எல்லா மிருகமும் எல்லாப் பறவையும் ஏற்கெனவே யாரோ ஒருத்தன் டப்பாவுல ஏறி உக்காந்துக்கிச்சு.

அப்படி ஒரு நாளு மத்தியானம் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுற அண்ணன் ஒருத்தர் கொட்டகைக்குள்ள வந்தாரு. கையில ஒரு சட்டை. அதைச் சட்டைன்னு அவரு சொன்னாத்தான் தெரியும், அவ்வளவு கறுப்பு. அதைத் தவுக்கே முன்னாடி பொத்துன்னு போட்டாரு.

"உங்க சவுக்காரத்துக்கு ஆத்து மண்ணே தேவலாம்! முழுக் கட்டியும் கரைஞ்சு போச்சு, கறை அப்படியே குந்திக்கிட்டு என்னையப் பாத்துச் சிரிக்குது."

தவுக்கேக்கு முழுசாப் புரியல, ஆனா திட்டுறாருன்னு புரிஞ்சுது. அக்காவப் பாத்தாரு. அக்கா துடுப்பை வச்சிட்டு வந்துச்சு.

"அண்ணே, தண்ணில நனைச்சிட்டுச் சவுக்காரம் போட்டீங்களா?"

"பின்ன, தீயிலயா நனைப்பாங்க?"

"எஞ்சின் மசைப் பிசுக்குக்கு முதல்ல தண்ணியக் காட்டினா அது கோவிச்சுக்கிட்டு நூலுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கும். அதுக்குச் சொந்தக்காரன விட்டுத்தான் வெளிய கூப்பிடணும்."

"சொந்தக்காரனா? அது யாரு?"

"எண்ணெய்."

அக்கா காஞ்ச சட்டையில தேங்காயெண்ணெயத் தொட்டுத் தொட்டு வச்சுக் கறை மேல நல்லாக் கசக்குச்சு. அப்புறம் சவுக்காரத்தக் காஞ்ச மேனிக்கே தேய்ச்சுச்சு. "வெத்தல இருந்தா போடுங்கண்ணே, போட்டு முடிக்கிற வரைக்கும் ஊறட்டும்"னு சொல்லுச்சு. அவரு மெய்யாவே வெத்தல போட்டாரு. அப்புறம் என்னைய வெந்நி ஊத்தச் சொல்லி, ரெண்டு கும்மு, ஒரு அலசு. கறுப்புத் தண்ணி ஓடுச்சு பாருங்க, கரி மூட்டையக் கழுவுன மாதிரி.

அப்பத்தான் அது நடந்துச்சு. அக்கா சட்டையக் காலரப் பிடிச்சு வலது கையால உசரத் தூக்குச்சு. இடது கைய இடுப்புல வச்சுச்சு. "இந்தாங்கண்ணே. ஆத்து மண்ணா, சவுக்காரமா? இப்பச் சொல்லுங்க"ன்னு தலையைச் சாய்ச்சுக் கேட்டுச்சு. சிரிப்பு இருக்கு, ஆனா விட்டுக்குடுக்குற சிரிப்பு இல்ல.

அந்த அண்ணன் சட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஏம்மா, மாத்திக் குடுத்துடலையே?"ன்னாரு. பொம்பளைங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

"ஜாங்கான் கெராக்!"

கத்துனது அந்தப் படக்காரக் கிழவரு. அசையாதன்னு மலாய்ல சொன்னாரு. அதுவரைக்கும் ஒரு வாரமா வாயே திறக்காத மனுசன். கரித்துண்ட எடுத்துப் பக்கத்துல கிடந்த பெட்டிப் பலகையில வரைய ஆரம்பிச்சாரு.

"தவுக்கே, கை வலிக்குது!"

"கொஞ்சம் நேரம் லா, கொஞ்சம் நேரம்."

"ஏம்மா, என் சட்டையக் குடுத்திட்டு நில்லும்மா, எனக்கு வண்டி கிளம்புற நேரம்!"னு அந்த அண்ணன் ஒரு பக்கம். அவரு வேலைக்கு வெறும் பனியனோட ஓடுனாரு. சட்டை ரெண்டு நாள் கழிச்சுத்தான் அவரு கைக்குப் போச்சு.

இதுதான். கனவும் இல்ல, அம்மனும் இல்ல. ஒரு அழுக்குச் சட்டை, ஒரு எஞ்சின்காரரு, இடுப்புல கை வச்ச எங்கக்கா.

ரெண்டு மூணு மாசம் கழிச்சு அச்சடிச்ச தாளு கட்டுக்கட்டா வந்துச்சு. கிழவரும் கூடவே வந்தாரு, புதுச் சட்டை போட்டுக்கிட்டு. தவுக்கே கட்டைப் பிரிச்சு ஒரு தாள அக்கா கையில குடுத்தாரு. நாங்க எல்லாம் சுத்திக்கிட்டோம்.

அக்காதான். அதே கை, அதே இடுப்பு, அதே சாஞ்ச தலை. ஆனா கிழவரு கலர் போடுறப்ப கையச் சும்மா வச்சிருக்கல. எங்கக்கா நல்ல கறுப்பு. தாள்ல ரோசாப்பூ மாதிரி இருந்துச்சு. கட்டியிருந்த வெள்ளச் சீலை செவப்பாயிருச்சு. கையில வளையல். தலையில பூ. நெத்தி நடுவுல, செக்கச் செவேல்னு, பொட்டு.

கூட அறுக்குற ஒரு அக்கா தலையில கை வச்சுக்கிச்சு.

கிழவரு எங்க முகத்தையெல்லாம் பாத்து பயந்துட்டாரு. தவுக்கே, "ஏன்? நல்லா இல்ல?"ன்னு கேட்டாரு. பாவம், ரெண்டு பேருக்கும் தெரியாது. கிழவரு பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவுல போற வர்ற தமிழ்ப் பொம்பளைங்கள பாத்திருக்காரு, எல்லாரு நெத்தியிலயும் பொட்டு. எங்கக்கா அன்னிக்கு வேலை அவசரத்துல வச்சுக்க மறந்துருச்சுன்னு நினைச்சிருக்காரு. மறந்ததை நாம வச்சு விடுவோமேன்னு, பெத்தவரு மாதிரி, தூரிகையால வச்சு விட்டாரு.

"சொல்லுடி, இதை அழிச்சிட்டு வேற அடிக்கச் சொல்லு. ஊரு காறித் துப்பும்"னு அந்த அக்கா சொல்லுச்சு.

எங்கக்கா தாளையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது, கொப்பரை அடிப்பிடிக்கிற வாசனை வந்து நான்தான் ஓடிப்போயிக் கிண்டுனேன். திரும்பி வந்தப்ப அக்கா தவுக்கேகிட்ட கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

"இந்தச் சாயம் தண்ணி பட்டா போயிருமா?"

தவுக்கேக்கு அதுல ஒரே பெருமை. ஒரு வாளித் தண்ணியில தாள முக்கி எடுத்தாரு. விரலால தேய்ச்சாரு. பொட்டு அப்படியே இருந்துச்சு. "பாகுஸ்! நல்ல மசி லா. போகாது."

"அப்ப இருக்கட்டும்"னு எங்கக்கா சொல்லுச்சு. அவ்வளவுதான் சொல்லுச்சு. போயித் துடுப்பை எடுத்துக்கிச்சு.

அப்புறம் என்ன, ஊரு வாய்க்குப் பூட்டா இருக்கு? குழாயடியில ஒரு பொம்பள, "ஏண்டி, வீட்டுல வெறும் நெத்தி, கடையில குங்குமமா?"ன்னு கேட்டா. அக்கா குடத்த இடுப்புல ஏத்திக்கிட்டே, "ஆமாக்கா. உங்க வீட்டுக்காரரு காலரத் தேய்க்கிறப்ப நல்லா உத்துப் பாத்துக்குங்க, அழிஞ்சா சொல்லுங்க"ன்னுச்சு. பசங்க, "பொம்மக்கா! பொம்மக்கா!"ன்னு பின்னாடியே ஓடுவாங்க. அதுவும் இடுப்புல கை வச்சு, இல்லாத சட்டையத் தூக்கிக் காட்டிட்டுப் போகும்.

பெரியப்பா மட்டும் சிரிக்கல. "உன் மூஞ்சி போட்ட தாளு சாக்கடையில கிடக்கு. எவன் எவனோ மிதிக்கிறான். தாலியறுத்தவ பொட்டு வச்சு பூ வச்சு கடைக்குக் கடை நிக்கிறா. என் மானம் போகுது. நாளையிலேருந்து வேலைக்குப் போகாத"ன்னாரு.

"மிதிச்சா மிதிக்கட்டும் பெரியப்பா. மிதிக்கிறவன் வேட்டி வெளுப்பாத்தான இருக்கு?"

அவரு கைய ஓங்குனாரு. அம்மா நடுவுல வந்துச்சு. அடி அம்மா தோள்ல விழுந்துச்சு. மறுநாளு அக்கா வேலைக்குப் போச்சு. அதுக்கு அடுத்த நாளும் போச்சு. அதோட பெரியப்பா அக்காகிட்ட பேச்ச நிறுத்திட்டாரு. அம்மாவும் அந்தப் படத்தப் பத்தி நல்லதும் சொன்னதில்ல, கெட்டதும் சொன்னதில்ல. சவுக்காரத்த வீட்டுக்குக் கொண்டு வந்தா, தாள நாலா மடிச்சு எங்கயோ வச்சிரும். எங்கன்னு நான் கேட்டதில்ல.

ஒண்ணு மட்டும் நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, இப்பச் சொல்றேன். கொப்பரைக்குப் பக்கத்துத் தூணுல அக்கா ஒரு தாள ஒட்டி வச்சிருந்துச்சு. ஒரு நாளு காலையில நான் உள்ள வந்தப்ப, அதுக்கு முன்னாடி நின்னு தலை வாரிக்கிட்டு இருந்துச்சு. தாளப் பாக்கும், வகிடு எடுக்கும். மறுபடி தாளப் பாக்கும். அத்தனை வருசமா கண்ணாடி பாக்காத மனுசி. நான் வந்த சத்தமே காட்டாம வெளிய போயிட்டேன்.

அப்படியே ரெண்டு வருசம். அப்புறம் மூணே நாள் காய்ச்சல். முதல் நாளு, "ஒண்ணுமில்ல, கஞ்சி வையி"ன்னுச்சு. மூணாம் நாளு காலையில கையப் பிடிச்சேன், கை சூடு இல்ல. இதுக்கு மேல அதை எழுத என்னால முடியாது.

நெத்தியில விபூதி பூசி, வெள்ளத் துணி போட்டுக் கொண்டு போனாங்க. ஒரு பூ வைக்கல. நான் ஒண்ணும் சொல்லல அன்னிக்கு. அதுக்குத்தான் இப்ப இவ்வளவு பேசுறேன் போல.

பத்து நாளுல எனக்கு ஒரு பயம் பிடிச்சுக்கிச்சு. அக்கா குரலு ஞாபகம் இருக்கு. துடுப்புப் பிடிக்கிற கை ஞாபகம் இருக்கு. மூஞ்சி வர மாட்டேங்குது. கண்ண மூடினா கலங்கித் தெரியுது, நுரைத் தண்ணியில பாக்குற மாதிரி. போட்டோ எடுத்தவங்களா நாங்க? இந்த உலகத்துல எங்கக்கா மூஞ்சி அந்தத் தாள்ல மட்டும்தான் இருந்துச்சு.

கொட்டகைக்குப் போயி தவுக்கேகிட்ட, "பதினாறாம் நாளு படையலுக்கு மசி நல்லா விழுந்த தாளு ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டேன். அவரு உள்ள போனாரு. மேசைக்கு மேல மாட்டியிருந்த பலகையக் கழட்டிக்கிட்டு வந்தாரு. கிழவரு அச்சுக்குக் குடுக்கக் கலர் போட்டு வரைஞ்ச நெசப் படம், ஒரு கை நீளம் இருக்கும். தன் துண்டால தொடச்சு என் கையில வச்சாரு. "வீட்டுல வை லா. அவ உங்க வீட்டுப் புள்ள"ன்னாரு. நான் அதைத் தலையில வச்சுக்கிட்டு, பெரிய தெரு வழியாத்தான் நடந்தேன். சந்து வழியா போகல.

படையல் அன்னிக்கு, பெரியப்பா வீட்டு முன்ரூம்புல இலை போட்டு, விளக்கு ஏத்தி, அக்காவா நினைச்சு ஒரு செம்புல நூல் சுத்தி வச்சிருந்தாங்க. நான் பலகையக் கொண்டு போயி செம்புக்குப் பின்னாடி வச்சேன்.

"எடு அதை"ன்னாரு பெரியப்பா.

"அக்கா படம் பெரியப்பா."

"படம் எதுக்கு? செம்பு இருக்கு. நம்ம சனத்துல யாரு படம் வச்சா? அதுவும் இந்தப் படத்தையா?"

"எனக்கு மூஞ்சி மறந்துபோகுது பெரியப்பா."

அதைக் கேட்டு அவரே கொஞ்சம் இறங்குனாரு. பொய் சொல்ல மாட்டேன், இறங்குனாரு. தாடையத் தடவிட்டு, "சரி. வச்சுக்க. ஆனா அந்தப் பொட்டோட வைக்க முடியாது. விபூதியக் குழைச்சு நெத்தியில பூசி மறைச்சிரு. பூவுக்கு மேலயும் பூசிரு. அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க"ன்னாரு. சடங்கு செய்ய வந்த பண்டாரமும், "பெரியவரு சொல்றது ஞாயம்தாம்மா"ன்னாரு. சுத்தி இருந்தவங்க எல்லாரும் தலையாட்டுனாங்க.

நானும் ஆட்டியிருப்பேன். மூஞ்சி கிடைச்சா போதும்னு இருந்துச்சு. விபூதி தானே, நாளைக்குத் தொடச்சுக்கலாம்னு நினைச்சேன். பெரியப்பா தட்டுல விபூதியப் போட்டு, குழைக்கத் தண்ணி கேட்டாரு. யாரோ தண்ணிச் செம்ப நீட்டுனாங்க. அதே செம்பு. கிள்ளான்லேருந்து அக்காகூட வந்த செம்பு.

எங்கேருந்து எனக்கு அந்தக் குரல் வந்துச்சுன்னு தெரியல. "ஒரு தடவ அழிச்சாச்சு பெரியப்பா. உசிரோட இருக்கிறப்ப அழிச்சீங்க, பாத்துக்கிட்டு நின்னேன். ரெண்டாந் தடவ அழிக்க விடமாட்டேன்."

"வாய மூடு. தாலியறுத்தவ..."

"எங்கக்காவுக்கு அந்தப் பொட்டு போதும்னு இருந்துச்சு. தண்ணில முக்கிப் பாத்துட்டுத்தான் இருக்கட்டும்னு சொல்லுச்சு. அக்கா இருக்கட்டும்னு சொன்னதை எடுக்க நீங்க யாரு, நான் யாரு?"

"அப்ப என் வீட்டுல இந்தப் படையல் கிடையாது."

"வேணாம்"னேன். பலகையத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தேன். லயத்து வாசல்ல, எல்லாக் கதவும் பாக்குற இடத்துல, ஒரு சவுக்காரப் பெட்டியக் கவுத்துப் போட்டு அது மேல அக்காவ நிறுத்துனேன். உள்ள இலை இருக்கு, விளக்கு இருக்கு, சோறு இருக்கு, என்கிட்ட ஒண்ணுமில்ல. ஒருத்தரும் கூட வரல. எதுத்த வீட்டுச் சன்னல்ல தலை தலையாத் தெரியுது.

அப்புறம் அம்மா வந்துச்சு. முந்தானையில விளக்குக்குக் காத்து படாம மறைச்சுக்கிட்டு, இன்னொரு கையில சோறு வடையோட இலைய மடிச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்துச்சு. பெரியப்பா பின்னாடியிலேருந்து, "போனா திரும்பி வராத!"ன்னு கத்துறாரு. அம்மா காதுலயே போட்டுக்கல. இலைய விரிச்சுச்சு. படத்த ரொம்ப நேரம் பாத்துச்சு. நெத்தியத்தான் பாத்துச்சு. அன்னிக்குத் தண்ணி ஊத்துன கை அது.

"சாஞ்சிருக்குடி"ன்னு சொல்லுச்சு. "நேரா வை."

நேரா வச்சேன்.

கொட்டகைப் பொம்பளைங்க நாலு பேரும் வந்தாங்க. எஞ்சின்கார அண்ணனும் வந்து ஓரமா நின்னாரு. வேலைக்குப் போற வழி போல, சட்டை முழுக்க மசை. காக்கா வராதுன்னு பெரியப்பா வீட்டுப் பக்கத்துலேருந்து ஒரு குரல் கேட்டுச்சு. காக்கா வந்துச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, கூரை முழுக்க. வடையத் தூக்கிட்டுப் போக அதுங்களுக்குள்ள சண்டை.

அந்த வாரத்துலயே எங்களக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. அம்மா துணியெல்லாம் மூட்டை கட்டுறப்ப அரிசிப் பானைக்கு அடியிலேருந்து ஒரு கட்டு எடுத்துச்சு. பாத்தா, நாலா மடிச்ச தாளு. ரெண்டு வருசத்துத் தாளு அத்தனையும். ஒண்ணைக்கூட அம்மா வெளிய போடல.

இப்ப ஆத்தோரம் கொட்டகைக்குப் பக்கத்துல ஓலை வேஞ்ச ஒரு அத்தாப்புக் கூரை வீட்டுல இருக்கோம். மழை வந்தா ஒழுகும். அக்கா படம் ஒழுகாத மூலையில மாட்டியிருக்கு. கொப்பரையில இப்ப நான் காய்ச்சுறேன். நாக்கு நுனி நாலு தடவ வெந்துபோச்சு, பழகிரும்.

கடைக்கார நானாவுக்கும் திண்டுக்காரருக்கும் நான் சொல்றது இதுதான். அந்தத் தாள எடுத்து, சட்டையத் தூக்கிப் பிடிச்சிருக்கிற கையப் பாருங்க. முழங்கைக்குக் கீழ புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளத் தழும்பு இருக்கும். கிழவரு தோலுக்குக் கலர் மாத்துனாரு, சீலைக்குக் கலர் மாத்துனாரு, அதை மட்டும் கண்ணால பாத்தபடி விட்டுட்டாரு. எந்த அம்மனுக்குக் காரத்தண்ணி தெறிச்ச தழும்பு இருக்கு? காட்டுங்க பாப்போம்.

தாளக் கிழிங்க, மிதிங்க, சாக்கடையில போடுங்க. அக்கா அதுக்கெல்லாம் கோவிச்சுக்காது, வேட்டி வெளுத்தா சரின்னு சொல்லும். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்குறேன், எல்லாருகிட்டயும் கேக்குறேன். கோயிலுக்குப் போறவங்க கோயில்ல, பள்ளிவாசலுக்குப் போறவங்க அங்க, எங்கயும் போகாதவங்க துணி துவைக்கிற கல்லு மேல நின்னுக்கிட்டாவது, எங்கக்காவுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்குங்க. அது போன எடத்துல யாரும் தண்ணிச் செம்போட கிட்ட வரக்கூடாதுன்னு வேண்டிக்குங்க.